எடுத்தது ஒட்டவில்லை

கோளாறு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலமெல்லாம் தாலுகா ஆபீஸில் குறிப்பு எழுதி ஓய்வுபெற்றவனுக்கு வேறு விதமாக ஆரம்பிக்க வராது.

எக்செல்லில் சில கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி கொடுத்தால் அவற்றைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற வரைக்கும் எடுத்ததை இன்னொரு இடத்தில் ஒட்டலாம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி ஆகும், கோடும் ஓடும். ஆனால் ஒட்டவேண்டிய கட்டத்தில் மவுஸை அழுத்தியதும் கோடு காணாமல் போய்விடும். பேஸ்ட் பொத்தான் வெளுத்து நிற்கும். எடுத்தது எங்கே போயிற்று என்று கேட்டு மனுப் போடுவதற்கு அதற்கு மேல் ஓர் அதிகாரியும் கிடையாது.

அந்தக் கோட்டுக்கு என் மனைவி ரயில் என்று பெயர் வைத்திருந்தாள். "ஏன்னா, ரயில் நின்னுடுத்து" என்று கூப்பிடுவாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். நின்றுதான் இருக்கும்.

அவள் சமையல்காரக் குடும்பத்துப் பெண். எங்கள் ஊர் மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகக் கரண்டி பிடித்தவர்கள். அவள் அப்பா காலத்தில் கீழே இறங்கிக் கல்யாணங்களுக்கும் சமைக்க ஆரம்பித்தார்கள். முகூர்த்த நாளில் எங்கள் ஊரில் மண்டபம் கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. கழுத்தில் மாலையோடு படியிறங்கி வருகிற ஜோடிகள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு வருவார்கள். மேலே தாலி, கீழே சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை அவள் தம்பி சமைத்தான். எந்தச் சாமான், எவ்வளவு என்பதை அவள் எழுதினாள்.

சாமான் லிஸ்ட் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. எத்தனை பேர் என்று கேட்டுப் பெருக்கிப் போட்டால் ஆயிற்றே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. "நெசவுக்காரா கல்யாணம்னா சாதம் கூடப் போகும், மெட்ராஸ்லேர்ந்து வரவா பாதிப் பேர்னா பாயசம் மிஞ்சும்" என்பாள். மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பக்கம், மழை நாளா, பக்கத்து மண்டபத்தில் யார் கல்யாணம் என்பதெல்லாம் அரிசியின் அளவில் வந்து சேரும். அவள் எழுதிய லிஸ்டில் சாமான் குறைந்து யாரும் கடைக்கு ஓடியதில்லை. மிஞ்சி யாரும் மூட்டை கட்டியதும் இல்லை. ஊரில் அவளுக்கு இருந்த பெயர் அது. எனக்குத் தாலுகா ஆபீஸில் இருந்த பெயரைவிட நல்ல பெயர்.

சமையல்காரர்களைக் கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் காரியங்களுக்கும் கூப்பிடுவார்கள். அவள் பிறந்த வீட்டில் கல்யாண லிஸ்ட் எழுதுகிற பேனா வேறு, காரிய லிஸ்ட் எழுதுகிற பேனா வேறு. தப்பித் தவறி மாறிவிட்டால் பேனாவையே தூக்கி எறிந்துவிடுவார்கள். கல்யாண லிஸ்ட் மஞ்சளில்தான் ஆரம்பிக்கும். மளிகைக் கடைக்காரர் அதை வாய்விட்டுப் படித்து, முதலில் மஞ்சளை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த சாமானில் கை வைப்பார்.

பெங்களூரில் வேலைக்குப் போன எங்கள் மகள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது, அம்மா விதித்த முதல் நிபந்தனை இதுதான்.

"ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கப்படாது."

"ஒரே ஃபைல்ல தனித்தனி ஷீட்டா போட்டுத் தரேம்மா."

"ஒரே நோட்டுல ரெண்டு பக்கம்ங்கற. வேண்டாம்."

நான் சும்மா இருக்கவில்லை. "ஹார்டு டிஸ்க் ஒண்ணுதானே? அதுக்குத் தீட்டு இல்லையா?" என்றேன்.

"அது தரை மாதிரி. தரையில எல்லாரும்தான் நடக்கறா" என்றாள்.

ஆகவே இரண்டு ஃபைல்கள். கல்யாணம் ஒன்றில், காரியம் இன்னொன்றில். மகள் தமிழ் எழுத்துருவைப் போட்டு, தட்டச்சு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். பழைய கல்யாணத்திலிருந்து அரிசி பருப்புப் பகுதியைக் காப்பி எடுத்துப் புதுக் கல்யாணத்தில் ஒட்டி அளவை மட்டும் மாற்றினால் போதும். கையால் எழுதியதில் பாதி நேரம்.

அந்தப் பாதி நேரம் அவளுக்கு அவசியமாக இருந்தது. கண்ணில் நீர் அழுத்தம். சென்னைக்கு ரயிலேறிப் போய்க் காட்டியபோது டாக்டர் மிக மரியாதையாகச் சொன்னார். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், எத்தனை நாளைக்கு என்று கேட்காதீர்கள். அவளுக்கு எழுத்து தெரிந்தது. எழுத்தைச் சுற்றி இருப்பது தெரியவில்லை. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல என்றாள். பெயர் இருக்கும் கட்டத்திலிருந்து அளவு இருக்கும் கட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோவதற்குள் வரி தவறிவிடும். உளுந்துக்கு எழுத வேண்டியது உப்பில் போய் உட்காரும். அதனால் அச்சடித்த லிஸ்டை அவளுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டி, பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் கொடுப்பது வழக்கமாயிற்று. வெளியில் யாருக்கும் கண் விஷயம் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவள் உத்தரவு. "கண்ணு தெரியாதவகிட்ட யாரு லிஸ்ட் கேப்பா? முழுக்கப் போறவரைக்கும் எழுதறேன். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள்.

தீபாவளிக்கு வந்த மகள் அம்மா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஃபைலுக்குள்ளேயே தானாக ஓடுகிற ஒரு சின்ன நிரல், மேக்ரோ என்பார்கள், எழுதினாள். எந்தக் கட்டத்தில் நின்றாலும் அந்த வரி முழுவதும் மஞ்சள் பட்டையாகிவிடும். அடுத்த வரிக்கு நகர்ந்தால் பட்டையும் நகரும். அம்மா முதல் தடவை அதைப் பார்த்தபோது சின்னக் குழந்தைபோல் மேலும் கீழும் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டையைப் பிடித்துக்கொண்டு பெயரிலிருந்து அளவுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தாள். மகள் ஊருக்குப் போன பிறகுதான் ரயில் நிற்க ஆரம்பித்தது.

நான் விசாரணையை முறைப்படி தொடங்கினேன். கீபோர்டில் குற்றம் என்று சந்தேகப்பட்டு மெனு வழியாகக் காப்பி எடுத்தேன். ஒட்டவில்லை. மவுஸ் மேல் பழி போட்டு வேறு மவுஸ் வாங்கினேன். பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் வந்து, "வைரஸ் சார்" என்றார். அந்தத் தொழிலில் அது நோய் அல்ல, வணக்கம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தார். ரயில் மறுபடி நின்றது. கடைசியில் நானே ஒரு வெற்று ஃபைலைத் திறந்து சோதித்தேன். அதில் ஒட்டியது. கல்யாண ஃபைலைத் திறக்கும்போது மேக்ரோவை அனுமதிக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றேன். அப்போதும் ஒட்டியது. ஆனால் பட்டை இல்லை. அனுமதித்தேன். பட்டை வந்தது, ஒட்டுவது போயிற்று.

குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்ட அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பட்டை சும்மா வரதுன்னு நினைச்சியா? ஒவ்வொரு தடவை நகரும்போதும் மேக்ரோ ஓடி அந்த வரிக்குக் கலர் அடிக்கறது. மேக்ரோ ஷீட்டுல எதையாவது மாத்தினா, காப்பி எடுத்து வெச்சது ரத்தாயிடும்."

"தெரிஞ்சேவா போட்டே?"

"தெரியாதுப்பா. அம்மா கண்ணை யோசிச்சேன். ஒட்டறதை யோசிக்கலை."

"இதுக்கு வழி?"

"காப்பி எடுத்திருந்தா கலர் அடிக்காதேன்னு ஒரு வரி சேர்க்கலாம். ரொம்பச் சுலபம். ஆனா அம்மா ஒட்டி முடிக்கறவரைக்கும் பட்டை நகராது. எங்க ஒட்டறோம்னு அவளுக்குத் தெரியாது. வேற ஏதாவது பண்ண முடியறதான்னு பாக்கறேன். ஒரு வாரம் டைம் குடு."

அதாவது பார்க்கலாம், அல்லது ஒட்டலாம். இரண்டும் ஒருவருக்கே வழங்கப்பட மாட்டாது. இந்த மாதிரி உத்தரவுகளை நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

"அதுவரைக்கும் நீ சொல்லு, நான் அடிக்கறேன்" என்றேன் மனைவியிடம்.

"நீங்க அடிச்சா அது உங்க லிஸ்ட்."

"உன் பேர் போட்டுக்கலாம்."

"எந்த ஆபீஸ்ல சார் அப்படிப் பண்ணுவா?" என்று சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரத்தில்தான் இரண்டு லிஸ்ட் வந்தது. கே.ஜி.கண்டிகையில் ஒரு வீட்டில் பெரியவர் தவறிப்போய்ப் பத்தாம் நாள் காரியத்துக்கு ஒன்று. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருந்த ஒருவரின் பெண் கல்யாணத்துக்கு ஒன்று. காப்பி எடுத்தது ஒட்டாமல் போக, கையாலேயே தட்டிக் காரிய லிஸ்டை முதல் நாளே முடித்துக் கொடுத்தாள். மறுநாள் காலை கல்யாண லிஸ்டில் உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"பாத்தேளா, ஒட்டிட்டேன்! உங்க விசாரணையும் வேண்டாம், அவ வரியும் வேண்டாம்."

போய்ப் பார்த்தேன். திரையின் வலது ஓரத்தில் ஒரு பலகை திறந்திருந்தது. காப்பி எடுத்ததையெல்லாம் அது வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தது. ரயில் நின்றாலும் அதில் இருப்பது போகாது. வேண்டியதை அழுத்தினால் நிற்கிற இடத்தில் ஒட்டிவிடும். பட்டையும் இருக்கும். காப்பியை அடுத்தடுத்துத் தட்டியதில் தானாகத் திறந்ததாம். நான் எக்செல் கையேட்டைக் கரைத்துக் குடித்தவன். எனக்கு அகப்படாதது அவளுக்கு அகப்பட்டிருந்தது.

"படிச்சுக் காட்டட்டுமா?" என்றேன் அச்சடித்து வந்ததும்.

"வேண்டாம். இந்த ஒண்ணு முழுக்க நானே பண்ணினது. அப்படியே போகட்டும்."

பூதக்கண்ணாடியை வைத்து மேல் வரியைப் பார்த்தாள். மஞ்சள் இருந்தது. மடித்துக் கவரில் போட்டாள். முகம் அப்படி இருந்தது. நான் எப்படிக் கையை நீட்டிக் கேட்பேன்?

மளிகைக் கடைக்கு எப்போதும்போல இரண்டு பேரும் போனோம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரருக்கு அவர்கள் பழக்கம். கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மஞ்சள் வந்தது. குங்குமம் வந்தது. சர்க்கரை, வெல்லம், ஏலக்காய். அடுத்து, "பச்சரிசி" என்றார். அதற்கு மேல் படிக்காமல் காகிதத்தை மடிக்கப் பார்த்தார்.

"இன்னாண்ணே, நிறுத்திட்ட?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஒண்ணுமில்ல நைனா. இங்க மை சரியா வுழல. இத்த அப்பால பாத்துக்கலாம், மத்தத எடுத்துக்கினு வரேன்."

நல்ல மனிதர். ஆனால் தமிழ்நாட்டில் மளிகைக் கடைக்காரருக்குப் பொய் சொல்ல வருமென்று நம்புகிறவர்கள் அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பெண்ணின் அப்பா எழுந்துபோய்க் காகிதத்தை வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பச்சரிசி... பிண்டத்துக்கு. கறுப்பு எள்ளு. நல்லெண்ணெய், தர்ப்பைக் கட்டு..."

அவருடைய மனைவி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இன்னாங்க இது! பொண்ணுக்கு இன்னும் நலங்குகூட வெக்கல" என்றாள். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு அந்தப் பலகையில் தமிழாகத் தெரியாது. ஏதோ ஐரோப்பியக் கிறுக்கலாகத் தெரியும். கல்யாண லிஸ்டின் அரிசி பருப்புப் பகுதியும் பச்சரிசியில் ஆரம்பிக்கிறது, காரியப் பகுதியும் பச்சரிசியில் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே கிறுக்கல். முதல் நாள் எடுத்தது இன்னும் பலகையில் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரை அணைக்காமல் திரையை மட்டும் அணைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில். பேனாவைப் பிரித்து வைத்தாள், ஃபைலைப் பிரித்து வைத்தாள். காப்பி எடுத்தது போய்த் தங்குகிற இடம் எல்லா ஃபைலுக்கும் ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"என்னன்னா? என்ன எழுதியிருக்கு?" என்று என் கையைப் பிடித்தாள். காதோடு சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள். பிறகு குரல் வந்த திசையைப் பார்த்து, கடை முழுவதற்கும் கேட்கும்படி பேசினாள்.

"இங்க பாருங்கோ. இது சகுனம் இல்லை. யாரும் அப்படி நினைக்கப்படாது. எனக்குக் கண் தெரியாது. முழுக்கத் தெரியாது. நேத்து வேற ஒரு ஆத்துக்கு எழுதினது, கண் தெரியாம இதுல வந்து ஒட்டிடுத்து. உங்க பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது என் கண்ணோட தப்பு."

முழுக்கத் தெரியாது என்பது உண்மையில்லை. அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் காலையில் மஞ்சள் என்ற எழுத்தைப் பார்த்தாள். ஆனால் கண் பாதி என்று சொன்னால் சகுனமும் பாதி மிஞ்சும். அதனால் முழுவதையும் கொடுத்துவிட்டாள்.

பெண்ணின் அப்பா அவள் முகத்துக்கு அருகில் வந்து நின்று பார்த்தார். அவர் நின்றது அவள் நேர்ப் பார்வைக்குச் சற்றுத் தள்ளி. அவள் இன்னும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.

"இத்தினி நாளா கண்ணு தெரியாமயே எழுதிக்கினு இருந்தீங்களாம்மா?"

"ஆமாம்."

"அடப் பாவமே" என்றாள் பெண்ணின் அம்மா. தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "கண்ணு தெரியாதவங்களாம், வுடுங்க. சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்க, வேற காயிதத்துல எழுதிக்கலாம்."

நிஜமாகவே அவர்களுக்கு மனம் லேசாகிவிட்டது. கண்ணால் பார்த்தேன். பெண்ணின் அப்பா காகிதத்தைக் கிழித்துக் கடைக்கு வெளியே போட்டுவிட்டு வந்து கும்பிட்டார். "சமையலு உங்க தம்பியே செய்யட்டும்மா. அதுல ஒண்ணும் மாத்தமில்ல. லிஸ்ட்டு மட்டும்..." என்று நிறுத்தினார்.

"ஆங். அவனே எழுதுவான். நான் சொல்லிடறேன்" என்றாள்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வழியில் ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன். எங்கே வந்திருக்கிறோம் என்று மட்டும் கேட்டாள். பஸ் ஸ்டாண்டு என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் லிஸ்ட் கேட்டு எங்கள் வாசலுக்கு வரவில்லை. யாரும் கோபமாக இல்லை. கோயிலில் பார்த்தால் கையைப் பிடித்துப் படியேற்றினார்கள். "பாத்து வாங்க மாமி" என்றார்கள். அவளுக்குத் தெரிந்த படிதான் அவ்வளவும்.

இந்த விஷயத்தில் பொறுப்பு யார் என்று குறிப்பு எழுதச் சொன்னால் நான் எழுதத் தயார். பட்டை போட்டவள் அம்மா கண்ணுக்காகப் போட்டாள். மேக்ரோ தனக்கு இட்ட வேலையைச் செய்தது. பலகை சேர்த்து வைக்கச் சொன்னதைச் சேர்த்து வைத்தது. எல்லாரும் விதிப்படி நடந்துகொண்டிருக்கிறார்கள். கோப்பை மூடலாம்.

சொன்னபடி மகளுடைய மெயில் வந்தது. வேறு வழி எதுவும் கிடைக்கவில்லை, அந்த ஒரு வரிதான், அம்மா ஒட்டும்போது மட்டும் நீ பக்கத்தில் இரு என்று எழுதியிருந்தாள். நெட் சென்டரில் அச்சடித்து வாங்கிவந்து எழுத்துப் பிசகாமல் சேர்த்தேன். காப்பி எடுத்து வேறு இடத்தில் அழுத்தினேன். கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒட்டியது.

"சரியாயிடுத்து" என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலாலேயே பார்த்துக் காம்பைக் கிள்ளினாள். "ரெண்டு ஃபைலையும் தம்பிகிட்டக் குடுத்துடுங்கோ. பட்டையை எடுத்துட்டுக் குடுங்கோ. அவனுக்கு எதுக்கு அது?"

பட்டையை எடுத்தால் புதிதாகச் சேர்த்த வரிக்கும் வேலையில்லை. மகள் எழுதிய எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஃபைல் மிக நன்றாக வேலை செய்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். நான் எடுப்பதற்குள் இவள் சுவரைத் தடவிக்கொண்டே போய் எடுத்துவிட்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

"ஒட்டறதுடி. நன்னா ஒட்டறது... பட்டையா? இருக்கே, பளிச்சுனு... ஆமாம், முகூர்த்தம் வரதோன்னோ, மூச்சு விட நேரமில்லை. இப்பக்கூட ஒண்ணு முடிச்சுட்டுத்தான் எழுந்து வரேன்... அப்பாவா? அப்பா பக்கத்துல உக்காந்து பாத்துண்டுதான் இருக்கார்."

பேசி முடித்து ரிசீவரை வைக்க வந்தாள். போன் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மேஜைமேல் வைக்கப் பார்த்தாள். கை மரத்தில் பட்டது. நகர்த்தினாள். மறுபடி மரம். நான் எழுந்துவிட்டேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு, "நீங்க உக்காருங்கோ" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் தேடிக்கொண்டிருந்தாள்.